பலகையைப் பார்க்காமல் செஸ்: ஒன்றில் தொடங்கி மூன்று வரை

2016 டிசம்பரில் லாஸ் வேகாஸில் செஸ் கிராண்ட்மாஸ்டர் தைமூர் கரேயெவ் கண்ணைக் கட்டிக்கொண்டு, உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தபடியே, ஒரே நேரத்தில் 48 பேருடன் ஆடினார். 35 வெற்றி, 7 டிரா, 6 தோல்வி. நமக்கு மூன்று பலகை போதும். ஆட்டக் குறியீடு (இ4 என்பது போல, கட்டங்களை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் முறை) தடுமாறாமல் படிக்க வருமென்றால் தொடங்கலாம்.

முதல் படி: கட்டங்களின் நிறம்

ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். அதோடு கட்டத்தின் எண்ணைக் கூட்டுங்கள். இரட்டைப்படை வந்தால் கருப்பு, ஒற்றைப்படை என்றால் வெள்ளை. இ4 என்பது 5+4, அதாவது 9, எனவே வெள்ளை. கூட்டிப் பார்க்காமலே பதில் வரும்வரை பழகுங்கள்.

இரண்டாம் படி: குதிரையும் பிஷப்பும்

ஏ1-இலிருந்து எச்8-க்குக் குதிரையை மனதுக்குள்ளேயே கொண்டு போங்கள். குறைந்தது ஆறு தாவல் ஆகும். ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறியே தீரும். மாறவில்லை என்றால் வழி தவறிவிட்டது. பிஷப்புக்கு மூலைவிட்டங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு ஆட்டம்

முதலில் காய்கள் இல்லாத வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு ஆடுங்கள். அப்புறம் அதையும் எடுத்துவிடுங்கள். எதிராளி நகர்வைச் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்கள்.

பலர் சிரமப்படுவது இங்கேதான். பலகை முழுவதையும் புகைப்படம் போல மனதில் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். 1890களில் பிரான்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே இப்படி ஆடுபவர்களை விசாரித்தபோது, தேர்ந்தவர்கள் பலர் காய்களின் உருவத்தைத் தெளிவாகப் பார்ப்பதில்லை என்று தெரிந்தது. எந்தக் காய் எதைத் தாக்குகிறது, எதைக் காக்கிறது என்பதைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கேளுங்கள்: எந்த வழி திறந்தது, எது காவல் இழந்தது?

சிப்பாய்களின் அமைப்பு மெதுவாகத்தான் மாறும். குழம்பினால் அதிலிருந்து தொடங்கி மற்ற காய்களை வையுங்கள். அதுவும் உதவாவிட்டால் ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து மனதில் ஓட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: பலகையைக் கூட்டுவது

ஒரு பலகை சலிப்புத் தட்டும் அளவுக்கு எளிதான பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம். இங்கே நினைவை விடக் கலப்படம்தான் பெரிய எதிரி. எல்லாப் பலகையிலும் இ4 என்று தொடங்கினால் பத்து நகர்வுக்குள் எந்தக் குதிரை எந்த ஆட்டத்துடையது என்று தெரியாமல் போகும். முதல் பலகையில் இ4, இரண்டாவதில் டி4, மூன்றாவதில் சி4 ஆடுங்கள். ஒன்றில் ராணி பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்யப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பட்டப்பெயரும் வையுங்கள்: ‘எஃப்7-ஐ முற்றுகையிடும் ஆட்டம்’, ‘ராணி இல்லாத ஆட்டம்’ என்பது போல. பலகை எண்ணைக் கேட்டதும் பெயர், பெயரோடு நிலை என்று வரும்.

தொடக்க நகர்வுகள்தான் மிகக் கடினம், ஏனென்றால் ஆட்டங்கள் அப்போது ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். நடு ஆட்டத்தில் ஒவ்வொன்றும் தனி முகம் எடுத்துவிடும்.

பலகைகளை எப்போதும் ஒரே வரிசையில் எடுங்கள். எதிராளி பலகை எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வைச் சொல்லட்டும்: “இரண்டாம் பலகை, குதிரை எஃப்6.” இரண்டு குதிரையும் போகக்கூடிய கட்டம் என்றால் புறப்படும் கட்டத்தையும் சொல்ல வேண்டும். விதிக்குப் புறம்பான நகர்வை நீங்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். வேறு நகர்வு சொல்ல விடுவதுதான் பழகுபவருக்கு நல்லது.

எதிராளிகள் உங்களை விடச் சற்று பலவீனமானவர்களாக இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓர் ஆட்டத்தில் வெற்றி கண்ணுக்குத் தெரிந்தால் அழகு பார்க்காமல் காய்களை மாற்றிச் சீக்கிரம் முடியுங்கள். ஒரு பலகை குறைந்தாலே மற்ற இரண்டுக்கும் மூச்சு கிடைக்கும். தலை வலிக்கத் தொடங்கினால் மீதியை டிரா கேட்டு நிறுத்திவிடுங்கள்.