பிடிக்காமல் தள்ளும் ரோபோ: முதல் வடிவமைப்பு

பொருளை இடம் மாற்றும் ரோபோ என்றதும் கையும் விரலும் பொருத்தத் தோன்றும். சமதளத்தில் ஒரு பெட்டியை நகர்த்த அது வேண்டாம். மோட்டார் பூட்டிய இரண்டு சக்கரமும், முன்னால் ஒரு தட்டையான பலகையும் போதும்.

படி 1: உராய்வை அளந்துகொள்ளுங்கள். 2 கிலோ பெட்டியைச் சுருள்வில் தராசில் மாட்டித் தரையில் ஒரே சீராக இழுங்கள். 0.8 கிலோ காட்டினால் உராய்வுக் குணகம், அதாவது இழுப்பை எடையால் வகுத்தது, 0.4. சக்கரங்களின் பிடிமானம் இந்த இழுப்பைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். இல்லையேல் எந்த மோட்டார் போட்டாலும் சக்கரம் நின்ற இடத்தில்தான் சுற்றும். பிடிமானம் கூட, பேட்டரியைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே வையுங்கள்.

படி 2: பலகை. ஒரே புள்ளியில் தள்ளினால், விசை நடுவைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் பெட்டி திரும்பி நழுவிவிடும். விரல் நுனியில் குச்சியை நிறுத்தும் வித்தை மாதிரிதான். பெட்டியின் எடை தரையில் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும், உராய்வு மையம் (மொத்த உராய்வும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) தெரிந்தால் அது எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்லலாம் என 1986இல் ரோபோ ஆய்வாளர் மாத்யூ மேசன் காட்டினார். நமக்கு எளிய வழி, பெட்டியின் முகம் முழுக்கப் படியும் அகலப் பலகை. அதன்மேல் ஒரு ரப்பர் தாள். உயரமும் முக்கியம்: அடிப்பாக நீளத்தில் பாதியைக் குணகத்தால் வகுங்கள். 10 செ.மீ. பெட்டிக்கு 12.5 செ.மீ. வரும். அதற்கு மேலே தள்ளினால் பெட்டி கவிழும்.

படி 3: திருப்பம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நின்ற இடத்தில் ரோபோவைத் திருப்பினால் பலகை பக்கவாட்டில் ஓடும், பெட்டி வெளியே போய்விடும். வளைந்துதான் திரும்ப வேண்டும். அச்சிலிருந்து பெட்டியின் நடுவரை உள்ள தூரத்தை, ரப்பருக்கும் பெட்டிக்கும் இடையிலான குணகத்தால் வகுத்தால் வளைவின் குறைந்தபட்ச ஆரம் கிடைக்கும். 18 செ.மீ., 0.6 என்றால் 30 செ.மீ. முதலில் இதை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள், அப்புறம் குறைக்கலாம். பலகையின் இரு ஓரத்திலும் சின்ன மடிப்பு வைத்தால் இன்னும் நல்லது. சிக்கலான நிரலைவிட இந்த மடிப்பையே நான் நம்புவேன்.

படி 4: வேகம். ரோபோ சட்டென்று நின்றாலும் பெட்டி கொஞ்சம் ஓடும். குணகம் 0.4 என்றால், விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், 50 செ.மீ. வேகத்தில் 3 செ.மீ.க்கு மேல். மெதுவாகப் போங்கள்.

படி 5: பாதை. இந்த ரோபோவால் இழுக்க முடியாது. சுவரை ஒட்டித் தள்ளிவிட்ட பெட்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ரோபோ நுழைந்து திரும்பும் அளவு இடைவெளி விட்டே பாதையைப் போடுங்கள்.