‘சின்ஸ்’ என்னும் சொல்லைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரியும் தமிழர்கள் எழுதும் அலுவலக மின்னஞ்சல்களில் ‘சின்ஸ்’ (since) என்னும் ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகிறது. அச்சொல் ஒரு செயல் தொடங்கிய காலத்தைச் சுட்டும், காரணத்தையும் சுட்டும், ‘அதன் பின்னர்’ என்ற பொருளில் தனித்தும் நிற்கும்.

மிகுதியாகக் காதில் விழும் பிழை, ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது. ‘சின்ஸ்’ என்பதை அடுத்து ஒரு தொடக்கப்புள்ளி வர வேண்டும்: 2019, திங்கட்கிழமை, கல்லூரி நாள்கள் என்பன போல. ஐந்து ஆண்டுகள் என்பது தொடக்கப்புள்ளி அன்று, கால அளவு. அதற்குரிய சொல் ‘ஃபார்’. இந்த வேறுபாடு தமிழருக்குப் புதியதே அன்று. ‘ஐந்து ஆண்டுகளாக’ என்று ‘ஆக’ சேர்த்தும், ‘2019இலிருந்து’ என்று ‘இலிருந்து’ சேர்த்தும் நாம் இயல்பாகவே பிரித்துப் பேசுகிறோம். ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’ என்று கொண்டால் பெரும்பாலான இடங்களில் பிழை நேராது. கன்னடத்திலோ இவ்விரண்டுக்கும் ‘இந்த’ என்ற ஒரே உருபு போதும். இந்தியிலும் ‘ஸே’ ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும். அவ்விரு மொழிகளும் புழங்கும் அலுவலகத்தில் நாள் முழுவதும் கேட்கும் ஆங்கிலம், தமிழ் நமக்கு ஏற்கெனவே கற்றுத்தந்த வேறுபாட்டை மறக்கச் செய்துவிடுகிறது என்றே எண்ணுகிறேன். ‘ரொம்ப நாளாக’ என்பதைச் ‘சின்ஸ் லாங்’ என்று எழுதுவதும் இவ்வகைப் பிழையே. ‘ஃபார் எ லாங் டைம்’ என்பதே சரி.

‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்று தொடங்கும் அதே வாக்கியத்தில் வினையும் பிழையானது. தமிழில் ‘வேலை செய்கிறேன்’ என்ற நிகழ்காலமே போதும். முன்பு தொடங்கி இன்றுவரை தொடரும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்ற வடிவத்தைக் கேட்கிறது. ‘செய்து வருகிறேன்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அவ்வடிவம் நினைவுக்கு வரும். அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. மூடிக் கிடந்த காலம் முடிந்துபோனதால் ‘வாஸ் கவர்ட் ஃபார் 18 இயர்ஸ்’ என்கிறோம். திறந்த நிலை இன்றும் தொடர்வதால் ‘ஹேஸ் பீன் ஓப்பன் சின்ஸ் 2009’ என்கிறோம்.

இதுவரை சொன்ன பிழைகளால் பொருள் கெடுவதில்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். காரணப் பொருளில் நேரும் குழப்பம் அப்படிப்பட்டதன்று, அதற்கே கூடுதல் கவனம் வேண்டும். ‘சின்ஸ் தி அப்டேட் வாஸ் இன்ஸ்டால்ட், யூசர்ஸ் ஹேவ் ஃபேஸ்ட் டிலேஸ்’ என்று ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுகிறார் என்று கொள்வோம். அப்டேட் நிறுவப்பட்டதிலிருந்து தாமதம் ஏற்படுகிறது என்று மட்டும் சொல்ல அவர் எண்ணியிருக்கலாம். அப்டேட் நிறுவப்பட்டதால்தான் தாமதம் என்று வாடிக்கையாளர் படிக்கக்கூடும். முன்னது கவனித்த செய்தி, பின்னது பொறுப்பை ஏற்கும் வாக்குமூலம். காலத்தை மட்டும் குறிக்க ‘எவர் சின்ஸ்’ என்றோ, தேதியைக் கொடுத்தோ எழுதலாம். காரணத்தைக் குறிக்க ‘பிகாஸ்’ என்று வெளிப்படையாக எழுதுவதே நேர்மையானது.

இதனால் காரணப் பொருளில் ‘சின்ஸ்’ எழுதுவதே தவறு என்று சிலர் கற்பிப்பது சரியன்று. அப்பொருள் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவருகிறது. ‘சின்ஸ் டுமாரோ இஸ் ராஜ்யோத்சவா, தி ஆஃபீஸ் வில் பி க்ளோஸ்ட்’ (நாளை கர்நாடக மாநில நாள் ஆதலால் அலுவலகம் மூடியிருக்கும்) என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. சின்ஸை அடுத்து ஒரு முடிந்த நிகழ்ச்சியும், மற்றப் பகுதியில் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்த வினையும் வரும்போதுதான் இரு பொருளும் இணைந்து நின்று மயக்கம் தருகின்றன. காரணத்தைச் ‘சின்ஸ்’ என்று தொடங்கிய பிறகு, நடுவில் ‘ஸோ’ என்று மீண்டும் சேர்ப்பதும் தேவையற்றது. ‘ஆதலால்’, ‘ஆகவே’ என்று இருமுறை சொல்லும் நம் பேச்சுப் பழக்கம் அங்கே புகுந்துவிடுகிறது.

தனித்து நிற்கும் மூன்றாம் பொருளில் எழுதுவதை விடப் படிப்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. ‘தி டிக்கெட் ஹேஸ் சின்ஸ் பீன் க்ளோஸ்ட்’ என்று வந்தால், முன்பு குறிப்பிட்ட நிகழ்வுக்குப் பிறகு எப்போதோ அந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பொருள். எப்போது முடிந்தது என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை. அந்தத் தேதி தேவையென்றால் அனுப்பியவரிடம் கேட்டே பெற வேண்டும்.