ஒளி குறைந்ததும் கோள் என்று எழுதிவிடாதீர்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். மேகம் இறங்கி, சேர்வராயன் மலை பாதிதான் தெரிந்தது. "சார், டிப் வந்திருக்குங்க! ரெண்டு நாளைக்கு ஒருக்கா கரெக்டா வருதுங்க" என்று ஒரு பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். டிப் என்றால் ஒரு விண்மீனின் ஒளி சற்றுக் குறையும் பள்ளம்; அதைச் சுற்றும் கோள் குறுக்கே போகிறதோ என்று தோன்றும். அந்தச் சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இப்படித்தான் ஒன்று கிடைத்தது. அதில் நான் செய்த தப்பை அவள் செய்யப் போகிறாள் என்பதும் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விண்வெளித் தொலைநோக்கிகள் எடுக்கும் தரவு பெரும்பாலும் எல்லோருக்கும் இலவசம். ஏற்காட்டில் பனி மூடினாலும், ஐந்து ரோட்டு வெளிச்சத்தில் வானமே வெளுத்துப் போனாலும் நம் வேலை நிற்காது. ஆதித்யா எல்1 சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று நினைப்பது மாதிரியான சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு தடவை சொன்னால் யாரும் திருத்திக்கொள்வார்கள். பழகினவர்களும் விழுகிற குழிகள் வேறு.

நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்வது

எஸ்டிஓ விண்கலம் எடுக்கும் சூரியப் படங்களில் 171 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு) படம் பொன்னிறம், 304 சிவப்பு, 94 பச்சை. இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத புற ஊதா அலைநீளங்கள். எந்தப் படம் எது என்று அடையாளம் தெரிவதற்காகப் பூசிய நிறங்கள், அவ்வளவுதான். 171-இல் தெரிவது சுமார் 6 லட்சம் கெல்வினில் இருக்கும் கரோனா என்ற சூரியனின் வெளி மண்டலம், 304-இல் தெரிவது சுமார் 50,000 கெல்வினில் இருக்கும் அடுக்கு. அதனால் நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களுக்கும் இதேதான்: அவை அகச்சிவப்பில் எடுத்து, நம் கண்ணுக்காக நிறம் கொடுத்தவை.

ஜேபெக் படத்தில் பிரகாசத்தை அளப்பது

வேண்டாம். அளந்த எண்கள் அப்படியே இருக்கும் ஃபிட்ஸ் கோப்பை இறக்குங்கள்.

பக்கத்து விண்மீனைப் பார்க்காமல் முடிவு கட்டுவது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தப்பு இதுதான்.

2018 ஏப்ரலில் ஏவப்பட்ட டெஸ் தொலைநோக்கி, ஒரே நேரத்தில் 24 பாகை அகலமும் 96 பாகை நீளமும் உள்ள வானப் பட்டையைப் பார்க்கிறது. ஏறக்குறைய 27 நாள் அதே பட்டையிலேயே இருக்கும். ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால் ஒளி கொஞ்சம் குறையும், அதைப் பிடிப்பதுதான் அதன் வேலை. இவ்வளவு பெரிய பரப்பைப் பார்ப்பதற்கு அது கொடுக்கும் விலை, பிக்சலின் அளவு. ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). இதே வேலையைச் செய்த கெப்ளர் தொலைநோக்கிக்கு அது 4 ஆர்க்செகண்ட்தான்.

ஏற்காடு மலையின் லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் சேலத்தைப் பாருங்கள். ஒரு பெரிய விளக்குக் கம்பமும் அதன் பக்கத்தில் ஒரு டீக்கடை பல்பும் சேர்ந்து ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளி லேசாக மங்கினால், மங்கியது கம்பமா பல்பா என்று அங்கிருந்து சொல்ல முடியாது. டெஸ்ஸின் நிலைமையும் அதுதான்.

நான் எடுத்துக்கொண்ட விண்மீனின் ஒளி 1.9 நாளுக்கு ஒரு முறை சுமார் 1 சதவீதம் குறைந்தது. சூரியன் மாதிரியான விண்மீனுக்கு 1 சதவீதம் என்றால், குறுக்கே போவது அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட வியாழன் அளவு. கணக்கு அழகாகப் பொருந்தியது. ஒரு நண்பரை 8 அங்குலத் தொலைநோக்கியோடு வரவழைத்து, தை மாசத்தில் ஏற்காட்டில் நான்கு இரவு அறை எடுத்துத் தங்கினோம். கணித்த நேரம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வானம் தெளிவு. ஆனால் எங்கள் விண்மீனின் ஒளி அசையவே இல்லை, நேர்கோடு. பனியைக் குறை சொன்னோம், கேமராவைக் குறை சொன்னோம். அதற்குள் இதையே புராஜெக்டாக எடுத்த ஒரு மாணவியின் அறிக்கை பைண்டிங்குக்குப் போய்விட்டது.

ஏழு மாசம் கழித்து அதே படங்களை மறுபடி திறந்தேன். எங்கள் விண்மீனிலிருந்து 40 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு மங்கலான விண்மீன். சரியாக நாங்கள் கணித்த நேரத்தில் அதன் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. ஒன்றை ஒன்று மறைக்கும் இரட்டை விண்மீன் அது. நான்கு இரவும் எங்கள் படத்துக்குள்ளேயே இருந்தது, யாரும் அளக்கவில்லை. அந்த மாணவியிடம் போய்ச் சொன்ன நாள் இன்னும் மனசை அறுக்கிறது.

கணக்கு எளிது. பக்கத்து விண்மீன் 4 மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அளவு) மங்கல் என்றால், ஒளியில் சுமார் 40-இல் ஒரு பங்கு. அது 40 சதவீதம் குறைந்தால், இரண்டும் கலந்த ஒளியில் 1 சதவீதம் குறையும். வியாழன் தயார்!

இதைத் தவிர்க்க ஒரு சாயங்காலம் போதும். டெஸ் தருவது பெரும்பாலும் 11-க்கு 11 பிக்சல் துண்டு. புள்ளிக் கோலம் மாதிரி இருக்கும். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக ஒளி வளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) போட்டு, குறைவு எந்தப் பிக்சலில் ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் நினைக்கும் கால இடைவெளியை இரட்டிப்பாக்கி மடித்துப் பாருங்கள், அதாவது வளைவை அந்த நீளத் துண்டுகளாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். எனக்கு 3.8 நாளில் மடித்ததும் ஒன்று விட்டு ஒன்று ஆழம் மாறியது. கோள் அப்படிச் செய்யாது. கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் சுற்றியுள்ள விண்மீன்களையும் எடுத்துப் பாருங்கள். சுமார் 180 கோடி விண்மீன்கள் அதில் இருக்கின்றன. லைட்கர்வ் மென்பொருளில் அவற்றைப் பிக்சல்களின் மேலேயே காட்டலாம்.

அன்றைக்கு மாடியில் அந்தப் பெண்ணை முதல் வேலையைச் செய்யச் சொன்னேன். அளக்கும் கட்டத்தை இடது பக்கம் இரண்டு பிக்சல் நகர்த்தினாள். 1 சதவீதமாக இருந்த பள்ளம் 6 சதவீதமாக இறங்கியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இது பக்கத்து விண்மீனுங்களா சார்?" என்றாள். ஆமாம், அதை விட்டுவிடாதே என்றேன். இரட்டை விண்மீனின் ஒளி வளைவிலிருந்து இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு அறியலாம், அதுவும் நல்ல வேலைதான். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

டெஸ் பூமியைச் சுற்றும் 13.7 நாள் சுற்றின் ஓரங்களை நம்புவது

அங்கே பூமி, நிலாவின் சிதறிய ஒளி புகுந்துவிடும். ஓரத்தில் வரும் பள்ளத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

சூரியன் கறுத்ததும் பதறுவது

மார்ச், செப்டம்பர் வாக்கில் எஸ்டிஓ படங்களில் சூரியன் பாதியோ முழுதோ காணாமல் போகும். கருவி கெட்டுவிட்டதா என்று யாராவது படத்தை அனுப்பிவிடுகிறார்கள். வருஷத்தில் இரண்டு தடவை, சுமார் மூன்று வாரம், பூமி அதன் பார்வைக்குக் குறுக்கே வரும். ஒரு நாளைக்கு 72 நிமிஷம் வரைகூட மறைக்கும். மறைப்பின் விளிம்பு கலங்கலாக இருந்தால் பூமி, காற்று மண்டலம் ஒளியை உறிஞ்சுவதால் அப்படி. விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் நிலா.

சூரியனைக் கவனிக்கும் சோஹோ விண்கலத்தின் படத்தில் குறுக்குக் கோட்டோடு ஒரு வெள்ளைப் புள்ளி

வெள்ளிக் கோளாக இருக்கலாம். கோடு, ஒளி அதிகமாகிப் பிக்சல் நிரம்பி வழிவது. கோள் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள்.