2,000 வோல்ட் லைனில் ஓடும் மைக்ரோ ஆம்பியரை அளப்பது எப்படி

மேல் பக்கத்தில், அதாவது 2,000 வோல்ட் இருக்கும் கம்பியில்தான் அளந்தாக வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். ஹை வோல்டேஜ் சப்ளையின் கிரவுண்ட் முனையைத் தனியே பிரிக்க முடிந்தால், அங்கேயே ஒரு ரெசிஸ்டர் போட்டு வேலையை முடித்துவிடலாம். ஆனால் பல சப்ளைகளில் அந்த முனை பெட்டியோடும் எர்த்தோடும் ஒட்டியே வரும். பிரித்தாலும் கேபிள் கசிவு, உள்ளே இருக்கும் டிவைடர் (வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) எடுக்கும் கரன்ட் எல்லாம் சேர்ந்துதான் தெரியும். லோடுக்குள் போவது மட்டும் வேண்டுமென்றால் மேலே ஏறத்தான் வேண்டும்.

மேல் கம்பியில் போட்ட ரெசிஸ்டரின் இரு பக்கத்திலும் டிவைடர் வைத்து, குறைந்து வரும் இரண்டு வோல்டேஜையும் கீழே கழித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். கணக்கு உதைக்கும். 1 மைக்ரோ ஆம்பியர் 100 கிலோஓமில் தருவது 0.1 வோல்ட், 2,000 வோல்ட்டில் அது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 1 சதவீத ரெசிஸ்டர்களின் பிழையிலேயே அது காணாமல் போய்விடும். போதாததற்கு 100 மெகாஓம் டிவைடர் ஒன்று தானே 20 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். ஐ.என்.ஏ.219 போன்ற கரன்ட் அளக்கும் சிப்களின் எல்லை 26 வோல்ட். அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

எனவே மீட்டரையே மேலே ஏற்றிவிடுவோம். மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பது போல, பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டர் 2,000 வோல்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு வசதியும் உண்டு. 5 வோல்ட் சர்க்யூட்டில் 0.2 வோல்ட்டை இழப்பது பெரிய விஷயம். 2,000 வோல்ட்டில் 2 வோல்ட் போனாலும் 0.1 சதவீதம்தான். ஆகவே ரெசிஸ்டரைத் தாராளமாகப் பெரிதாக வைக்கலாம்.

தேவையானவை: 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர், 100 கிலோஓம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 21, பி.சி.547 டிரான்சிஸ்டர் 2, மீட்டர் உள்ளே போகும் அளவுக்கு ஒரு பிஸ்கட் தகர டப்பா, அதைவிடப் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அக்ரிலிக் துண்டுகள், சிலிக்கான் உறை போட்ட ஹை வோல்டேஜ் வயர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் கிடைத்துவிடும்.

ஒரு ரெசிஸ்டரை மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே வையுங்கள். மீட்டரின் சொந்த 10 மெகாஓமும் சேர்ந்து 99 கிலோஓம் ஆகும், 0.1 மில்லிவோல்ட் என்றால் சுமார் 1 நானோ ஆம்பியர், முழு ரேஞ்சும் 2 மைக்ரோ ஆம்பியர். சில மீட்டர்களில் மில்லிவோல்ட் ரேஞ்சின் இன்புட் 10 மெகாஓம் இருக்காது. இன்னொரு மீட்டரின் ஓம் ரேஞ்சில் அளந்து பார்த்துவிடுங்கள்.

மீதி இருபதையும் பத்துப் பத்தாகத் தொடர்ச்சியாகச் சால்டர் செய்து, ஒரு வரிசை சப்ளைக்கும் மீட்டருக்கும் நடுவிலும், மற்றது மீட்டருக்கும் லோடுக்கும் நடுவிலும் வரட்டும். லோடு ஷார்ட் ஆனால் கரன்ட் 1 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் 100 வோல்ட், 0.1 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும். ஆனால் 1 மெகாஓம் ஒன்றை மட்டும் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது வழக்கமாக 250 வோல்ட்தான். சப்ளை பக்கம் மட்டும் போட்டாலும் ஆகாது: லோடில் ஸ்பார்க் வந்தால் டப்பாவில் தேங்கியிருக்கும் சார்ஜ் முழுவதும் மீட்டர் வழியாகவே பாயும்.

மீட்டருக்குக் குறுக்கே பாதுகாப்பு டயோடு வேண்டும். கை பழக்கத்தில் 1என்4148 என்ற சாதாரண டயோடைப் போட்டால் அங்கேதான் கோட்டை விடுவோம், 0.2 வோல்ட்டிலேயே அது நூறு நானோ ஆம்பியர் அளவில் கசியும், கண்ணாடி உடம்பு என்பதால் ட்யூப்லைட் வெளிச்சமும் உள்ளே போய் ரீடிங்கை ஆட்டும். பி.சி.547-இன் எமிட்டர் காலை வெட்டிவிட்டு பேஸ், கலெக்டர் இரண்டையும் டயோடாக்கி, இரண்டை எதிரெதிராக வையுங்கள். கசிவு பிகோ ஆம்பியர் கணக்கில் நின்றுவிடும்.

இனி தகர டப்பா. மீட்டரை அதற்குள் வைத்து, அதன் காமன் (COM) முனையையும் டப்பாவையும் ஒன்றாக இணைத்து, அந்தப் பக்கம் சப்ளையை நோக்கி இருக்கச் செய்யுங்கள். டப்பாவிலிருந்து தரைக்குக் கசிவது எதுவானாலும் அளக்கும் ரெசிஸ்டருக்கு முன்பே பிரிந்து போய்விடும். திருப்பிப் போட்டால் டப்பாவின் கசிவும் கணக்கில் ஏறும். ரீடிங் மைனஸில் வரும், பரவாயில்லை.

தகர டப்பாவை அக்ரிலிக் கால்களில் நிறுத்தி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். சுற்றிலும் 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மரக்கட்டையை இன்சுலேட்டர் என்று நம்ப வேண்டாம், ஈரத்தை உறிஞ்சும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம்; காற்றின் தாங்குதிறன் சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு, ஆகவே இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. மழைக் காலத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் போட்டு மூடுங்கள். சால்டர் செய்த இடங்களில் ஃப்ளக்ஸும் விரல் எண்ணெயும் இல்லாமல் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, முள்போல் நீட்டும் முனைகளை உருட்டிவிடுங்கள்.

ஆன் செய்யும் முன் ரேஞ்சைக் கையால் பூட்டுங்கள். ஆட்டோ பவர் ஆஃபையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் பதினைந்து நிமிடத்தில் மீட்டர் தூங்கிவிடும், எழுப்பக் கை வைக்க முடியாது.

முதல் சோதனை 9 வோல்ட் பேட்டரி, 10 மெகாஓம் ரெசிஸ்டர்: வரிசைகளையும் சேர்த்து சுமார் 74 மில்லிவோல்ட் வர வேண்டும். அடுத்து லோடைக் கழற்றிவிட்டு ஹை வோல்டேஜ் கொடுங்கள். மிஞ்சுவது லோடு பக்க வயரின் கசிவு. ரீடிங் மெல்லக் குறைந்துகொண்டே போனால் கேபிள் சார்ஜ் ஆகிறது, காத்திருங்கள். துள்ளித் துள்ளி ஆடினால் எங்கோ கொரோனா, அதாவது கூர்முனையிலிருந்து காற்றுக்குள் மின்கசிவு. அசையாமல் நின்று, எல்லாவற்றையும் அணைத்து ஹேர் டிரையரில் உலர்த்தியபின் குறைந்தால் மேற்பரப்பு ஈரம். பிறகு 1000 மெகாஓம் ஹை வோல்டேஜ் புரோபை லோடாக வைத்து 1,000 வோல்ட் கொடுங்கள். 1 மைக்ரோ ஆம்பியர், அதாவது 99 மில்லிவோல்ட்.

கணினியில் பதிவு செய்வதென்றால் மேலேயே பேட்டரியில் ஏ.டி.சி. (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) வைத்து, எல்.இ.டி. வழியாக பிளாஸ்டிக் ஆப்டிகல் ஃபைபரில் இறக்குங்கள். அதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபையர் சிப்பாக எல்.எம்.358 வேண்டாம், அதன் இன்புட்டே பல பத்து நானோ ஆம்பியர் ஓட்டும், எல்.எம்.சி.6482 சரி. பேட்டரிக்குப் பதில் கீழிருந்து பவர் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள்: சின்ன டி.சி.-டி.சி. மாட்யூலில் 1,000 வோல்ட் ஐசோலேஷன் என்று அச்சிட்டிருப்பது சில விநாடிச் சோதனைக்கு. நாள் முழுக்க 2,000 வோல்ட் தாங்க அல்ல.

முடிக்கும்போது சப்ளையை அணைத்து, வோல்டேஜ் இறங்கும் வரை காத்திருந்து, ரெசிஸ்டர் கட்டிய எர்த் கோலால் சப்ளை முனையையும் லோடு முனையையும் தொட்டு, அதன் பிறகே வயரில் கை வையுங்கள். வயரை முதலில் உருவினால் தகர டப்பா 2,000 வோல்ட்டோடு அப்படியே நிற்கும்.