‘ஆமா’ என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்

புதிதாகச் சேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர்கள் நோயாளிகளோடு பேசுவதை இரண்டு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். மெதுவாகப் பேசுங்கள், டிவியை நிறுத்துங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஆமா, இல்லை: வாயில் வந்ததை நம்புவது

பிரைமரி புரோகிரஸிவ் அபேசியாவில் மூளையின் மொழிப்பகுதி மெல்லச் சிதைகிறது. அதில் பேச்சு திக்கித் திணறும் வகையிலும், கை கால் அசைவும் தடுமாறுகிற கார்ட்டிகோபேசல் சிதைவு என்ற மூளை நோயிலும் சிலருக்கு ஒரு விசித்திரமான தவறு வரும். ‘ஆமா’ என்று நினைப்பார்கள், வாயில் ‘இல்லை’ வரும். மேலே-கீழே, அவன்-அவள் கூட இடம் மாறும். கேள்வி நன்றாகப் புரிந்திருக்கும். ஜோடிச் சொற்களில் எது வெளியே வருவது என்பதில்தான் தடுமாற்றம்.

ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரிடம் “பல் வலிக்குதா?” என்றேன். “இல்லை.” வலி இல்லை என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் கன்னம் வீங்கி வந்தார். சாப்பாட்டை ஒரே பக்கமாக ஒதுக்கி மென்றதை அவர் மனைவி கவனித்திருந்தார். நான் அந்த அம்மாவிடம் கேட்கவே இல்லை. டிரைவரிடமே “எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

நேற்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதையே செய்தாள். “சாப்டீங்களா?” “ஆமா.” டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நோயாளியின் கண் டிபன் பாக்ஸிலேயே இருந்தது.

தலையாட்டலையும் முழுதாக நம்ப முடியாது, சிலருக்கு அதுவும் மாறும். காபியையும் தண்ணீரையும் எதிரே வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். “வலிக்கலையா?” என்று எதிர்மறையில் மட்டும் கேட்காதீர்கள். நல்லாப் பேசுகிறவர் அதற்கு ‘ஆமா’ என்றாலே நமக்குக் குழப்பம். இவர் சொன்னால் எதைப் பிடித்துக்கொள்வது?

ஞாபகம் போச்சு என்று எழுதுவது

நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் 1982-ல் பிரைமரி புரோகிரஸிவ் அபேசியாவை ஆறு பேரை வைத்து விவரித்தபோதே, மொழிதான் முதலில் போகிறது என்று காட்டினார். தொடக்க வருடங்களில் பேரனின் பள்ளி நேரம் கூட அவர்களுக்கு நினைவிருக்கும்.

சொல்லின் அர்த்தம் மறந்தவருக்கு எழுத்து அட்டை காட்டுவது

“கரண்டின்னா என்ன?” என்று கேட்பவரிடம் அந்தச் சொல்லை எழுதிக் காட்டிப் பயனில்லை. கரண்டியையே கையில் கொடுங்கள்.

பக்கவாத நோயாளிக்குப் போட்ட திட்டத்தையே போடுவது

கூடாது. இந்த நோயில் பேச்சு போகப் போகக் குறைந்துகொண்டே போகும்.

பாதிப் பேச்சில் திருத்துவது

வேண்டாம்.