ஆய்வகச் சர்வரின் தரவைப் புதிய வட்டுகளுக்கு மாற்றும் முறை

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரார் சொல்லில் சிக்ரி, 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மின்கலம், உலோக அரிமானம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோர் செட்டிநாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். ஒரு மின்கலத்தை நூற்றுக்கணக்கான சுற்றுகள் மின்னேற்றி இறக்கும் சோதனை மாதக்கணக்கில் ஓடக்கூடியது; அதன் கோப்பு அழிந்தால் சோதனையை முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, நகல் பிழையின்றி வந்துவிட்டது என்று நிரூபிக்கும் வரை தரவு மாற்றம் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

வட்டு நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் எதையும் அழிக்கத் தொடங்காமல், முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். லினக்ஸ் சர்வரில் டிஎஃப் கட்டளை மீதமுள்ள இடத்தையும், டியூ கட்டளை எந்தக் கோப்புறை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் காட்டும். இரண்டின் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், அழிக்கப்பட்ட ஒரு பெரிய கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அந்த நிரலை நிறுத்தினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். இடம் இருந்தும் புதிய கோப்பு எழுத முடியாவிட்டால் ஐநோட் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்; ஐநோட் என்பது ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஒன்று செலவாகும் பதிவு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு கோப்பு எழுதும் கருவிகள் இருக்கும் ஆய்வகங்களில் ஐநோட்கள் முன்னதாகவே தீர்ந்துபோவது உண்டு. பழைய சுற்றுகளின் கோப்புகளை டார் என்னும் ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டி வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

மாற்றத்துக்கான நேரத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரு கிகாபிட் வலையமைப்பில் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் செல்லும் என்று கொண்டால், 20 டெராபைட் செல்ல இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சிறு கோப்புகள் மிகுந்திருந்தால் இன்னும் கூடும். இந்த நாள்களில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வருகிறதா என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். மின்சாரம் நின்றால் யுபிஎஸ் சர்வரைத் தாங்கும். ஆனால் பெரும்பாலும் ஏசியைத் தாங்காது. எல்லா வட்டுகளும் இடைவிடாமல் சுழலும் வேளையில் கத்திரி வெயிலில் அறை விரைவாகச் சூடேறும் என்பதால், இப்பணியை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. தொடங்குமுன் வட்டு தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் பழைய வட்டுகளின் நலத்தைப் பார்த்து, தளர்ந்த வட்டில் உள்ள தரவை முதலில் எடுக்க வேண்டும். ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளை இணைக்கும் ரெய்டு இருக்கிறது என்பதற்காகப் பேக்கப் இல்லாமல் இருப்பது பெரும் ஆபத்து. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை ரெய்டு மீட்டுத் தராது.

நகலெடுக்க, மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற கட்டளை போதும். அதை ஆர்க்கைவ் தெரிவுடன் இயக்கினால்தான் கோப்பின் அனுமதிகளும் நேரமுத்திரையும் அப்படியே வரும். பல ஆய்வுகளில் ஒரு அளவீடு எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதற்கு நேரமுத்திரை ஒன்றே சான்றாக இருப்பதால், இதில் கவனக்குறைவு கூடாது. ஹார்ட் லிங்க், அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள், இருந்தால் அதற்குரிய தெரிவைத் தனியே சேர்க்க வேண்டும். மூலப் பாதையின் இறுதியில் சாய்கோடு இட்டால் கோப்புறையின் உள்ளடக்கம் மட்டும் செல்லும். இடாவிட்டால் கோப்புறையே சென்று உள்ளே அமரும். ஆகவே முதலில் எதையும் நகலெடுக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் டிரை ரன் முறையில் ஓட்டி, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் பணி நிற்காதிருக்க சர்வரிலேயே தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வுக்குள் இயக்குவது நல்லது. முதல் நகல் நடக்கையில் ஆய்வாளர்கள் வழக்கம்போல் வேலை செய்யலாம். அது முடிந்ததும் பழைய வட்டைப் படிக்க மட்டும் முடியும் ரீட் ஒன்லி நிலைக்கு மாற்றி, இடையில் மாறியவற்றுக்காக மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும்.

ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுவதால், இரண்டாம் ஓட்டம் பிழையின்றி முடிந்ததைச் சரிபார்ப்பாகக் கருத முடியாது. நகரத்தார் வீட்டுத் திருமணத்தில் சீர் சாமான்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு இறக்குவது போல, ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். பழைய வட்டின் தரவுக் கோப்புறைக்குள் நின்று எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், எடுத்துப் பட்டியலாகச் சேமித்து, அதே பட்டியலைக் கொண்டு புதிய வட்டில் சோதிக்க வேண்டும். ஒரு வரி தவறினாலும் அந்தக் கோப்பை மட்டும் மீண்டும் நகலெடுத்து, மீண்டும் சோதிக்க வேண்டும். இந்தப் பட்டியலைத் தரவுடனேயே வைத்திருந்தால் பின்னாளிலும் பயன்படும்.

புதிய சர்வரில் பயனர் எண்கள் வேறாக இருந்தால் ஒருவரின் கோப்பு மற்றவர் பெயரில் தோன்றக்கூடும் என்பதால், அதையும் பார்க்க வேண்டும். பிறகு பழைய பாதையிலேயே புதிய வட்டை மவுன்ட் செய்தால், அதாவது இணைத்தால், மாணவர்களின் நிரல்களைத் திருத்த வேண்டியிராது. பழைய வட்டுகளின் மேல் உள்ளடக்கத்தையும் தேதியையும் எழுதி ஒட்டி, புதிய சர்வரிலிருந்து ஒரு முழுப் பேக்கப் எடுக்கப்பட்டு, அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுப் பார்க்கும் வரை, அந்தப் பழைய வட்டுகளை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது.