முதல் புரோகிராமை பால் கணக்கில் தொடங்குங்கள்

புரோகிராமிங் படிக்கணும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது எந்த லாங்குவேஜ் நல்லது என்றுதான். அது அப்புறம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து, உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் இந்த மாதப் பால் கணக்கைப் போட வேண்டுமானால் அவருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்: ஒரு பாக்கெட் என்ன விலை, எத்தனை நாள் வாங்கினோம், ஊருக்குப் போனதில் எத்தனை நாள் நிறுத்தினோம், விருந்தாள் வந்த அன்று கூடுதலாக எத்தனை. ஒன்றை விட்டுவிட்டால் மனுஷன் திரும்பக் கேட்பான், கம்ப்யூட்டர் கேட்காது, தப்பான தொகையைக் கூசாமல் காட்டும். ஓட்டையில்லாமல் இதை எழுதுவதுதான் பாதி வேலை.

சரி, இப்போது பைத்தான் என்ற லாங்குவேஜை கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். இலவசம்தான், விண்டோஸில் ஐடில் என்ற எடிட்டரும் கூடவே வரும். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பாக்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம், நம்பாவிட்டால் தட்டிப் பாருங்கள்:

விலை = 24
நாள் = 28
மொத்தம் = நாள் * விலை

கடைசி வரியாக பிரின்ட் (print) என்று ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் மொத்தம் என்று போட்டு, எஃப்5 அழுத்தினால் 672 வரும்.

நாள் மாதாமாதம் மாறுமே, அதனால் 28-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில், நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் இன்புட் (input) கட்டளையை, பின்னால் ஒரு வெற்று அடைப்புக்குறியோடு, வைத்து ஓட்டுங்கள். 28 என்று தட்டினால் திரையில் 28282828 என்று நீளமாக ஓடும், எண்ணினால் 24 தடவை 28. முதல் தடவை எனக்கு இது வந்தபோது கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது: இன்புட் வாங்கித் தருவது எண் அல்ல, எழுத்து, எழுத்தை 24-ஆல் பெருக்கச் சொன்னால் 24 தடவை திருப்பி எழுதும். இன்புட்டைச் சுற்றி இன்ட் என்று போட்டு, அதாவது int(input()) என்று எழுதி, எண்ணாக மாற்றினால் பழையபடி 672.

இனி வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துப் பாருங்கள். 'இருபத்தெட்டு' என்று எழுத்தில் தட்டினால் சிவப்பில் நாலைந்து வரி வந்து விழும். பதறாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன தப்பு என்பது அங்கேயும் எந்த வரியில் என்பது அதற்கு மேலேயும் இருக்கும். -3 கொடுத்தால் எர்ரரே வராது, மொத்தம் -72 என்று காட்டும், அதாவது பால்காரர் நமக்கு 72 ரூபாய் தர வேண்டுமாம். இதைத் தடுக்க, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று சொல்லும் இஃப் (if) ஒன்று எழுத வேண்டும். அந்த வரி முடிவில் முக்காற்புள்ளி, அடுத்த வரி நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி.